ஐம்பது கனிமமும் பன்னிரண்டு தொழிலாளரும்
'ஸ்டார்கிராஃப்ட்' விளையாட்டுக்குப் புதிதாக வருவோர்க்கு ஓர் அறிமுகம்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், நம் கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்களின் பேச்சில் வட்டி விகிதத்துக்கு அடுத்தபடியாக இடம்பெறுவது பிள்ளைகளின் கணினி விளையாட்டு. தாராவி தொண்ணூறு அடிச் சாலையில் தோல் பைக் கடை வைத்திருப்பவரும் அதைப் பற்றிக் கேட்கிறார்; மாட்டுங்காவில் பேரனுடன் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் கேட்கிறார். கேள்வி பெரும்பாலும் இரண்டாகத்தான் இருக்கிறது. இதனால் பிள்ளைக்குக் கேடு வருமா? என் கணக்கிலிருந்து பணம் போய்விடுமா?

சென்ற ஆண்டு இறுதியில் செம்பூரைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர் இக்கேள்வியைச் சற்றுக் கசப்புடனேயே எங்களிடம் கேட்டார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகன், அதற்கு முந்தைய விடுமுறையில் கைபேசி விளையாட்டு ஒன்றில் 'ரத்தினக் கற்கள்' வாங்குவதற்காகத் தந்தையின் அட்டையைப் பயன்படுத்திவிட்டான். சிறுகச் சிறுகச் சில ஆயிரம் ரூபாய் போனது. அன்று முதல் அந்த வீட்டில் விளையாட்டுக்கே தடை. தந்தையும் மகனும் தேவைக்கு மட்டும் பேசிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார்கள். இப்போது மகன் வேறொரு விளையாட்டின் பெயரைச் சொல்லி அனுமதி கேட்கிறான். "அது காசு பிடுங்கும் விளையாட்டு இல்லையாம், மூளைக்கு வேலையாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

அந்த விளையாட்டின் பெயர் 'ஸ்டார்கிராஃப்ட் 2'. ஆடிப் பார்க்காமல் பதில் சொல்வது முறையன்று எனக் கருதினோம். சில வாரங்கள் மாலை நேரங்களில் ஆடினோம், நிறையத் தோற்றோம். அவ்வாறு கற்றவற்றையே இங்கே எழுதுகிறோம். புதிதாக ஆட விரும்பும் இளைஞருக்கும், அருகில் அமர்ந்து புரிந்துகொள்ள விரும்பும் பெற்றோருக்கும் இது உதவலாம்.

எந்த வகை விளையாட்டு?

சதுரங்கத்தில் ஒருவர் காய் நகர்த்தும்வரை மற்றவர் காத்திருக்கிறார். 'நிகழ்நேர வியூக விளையாட்டு' எனப்படும் இவ்வகையில் அந்தக் காத்திருப்பு கிடையாது. நாம் யோசித்துக்கொண்டிருக்கும் அதே நொடியில் எதிராளி வீடு கட்டுகிறார், படை திரட்டுகிறார், நம்மை நோக்கி வந்துகொண்டும் இருக்கிறார். வளத்தைத் திரட்டுதல், கட்டடம் எழுப்புதல், படை சேர்த்தல், போர் புரிதல் ஆகிய நான்கும் ஒரே சமயத்தில் நிகழும்.

இவ்வகைக்கு இன்றைய வடிவத்தைத் தந்தது, 1992-இல் வெஸ்ட்வுட் நிறுவனம் வெளியிட்ட 'டூன் 2'. இது ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் புகழ்பெற்ற அறிவியல் புனைகதை நாவலின் உலகை அடிப்படையாகக் கொண்டது. 1994-இல் பிளிஸார்ட் நிறுவனத்தின் 'வார்கிராஃப்ட்', 1997-இல் நம் ஊர் சைபர் கஃபேக்களிலும் பலர் ஆடிய 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ஆகியவை அதே வழியில் வந்தன. 1998 மார்ச் 31 அன்று பிளிஸார்ட் வெளியிட்ட 'ஸ்டார்கிராஃப்ட்' இவ்வகையின் உச்சம் எனப் பலராலும் மதிக்கப்படுகிறது. அதன் இரண்டாம் பாகம் 2010 ஜூலை 27 அன்று வெளிவந்தது. 2013-இலும் 2015-இலும் அதன் தொடர்ச்சிகள் வந்தன.

வாடிக்கையாளர்கள் முதலில் அறிய விரும்பும் செய்தி: முதல் பாகம் 2017 ஏப்ரல் முதலும், இரண்டாம் பாகத்தின் தொடக்கக் கதைப் பகுதியும் பிறருடன் ஆடும் பகுதியும் 2017 நவம்பர் முதலும் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் பாகம் மிகப் பழைய கணினியிலும் ஓடும்.

மூன்று இனங்கள்

கதை நிகழ்வது புவியிலிருந்து வெகுதொலைவில், 'கோப்ருலு' என்னும் விண்மீன் வட்டாரத்தில். அங்கே மூன்று இனங்கள் மோதுகின்றன. புவியிலிருந்து நாடுகடத்தப்பட்டோரின் வழிவந்த மனிதர்கள் 'டெரன்'. பூச்சிக் கூட்டம் போலப் பெருகி எல்லாவற்றையும் விழுங்கும் உயிரினம் 'ஸெர்க்'. தொன்மையும் உயர் தொழில்நுட்பமும் கொண்ட பெருமிதமான இனம் 'புரோட்டாஸ்'. பிறந்த மண்ணை விட்டு வந்து, அந்நிய நிலத்தில் கையில் கிடைத்ததைக் கொண்டு ஊர் சமைத்த டெரன் மக்களின் கதை, திருநெல்வேலியிலிருந்து தோல் தொழிலுக்காகத் தாராவி வந்து சேர்ந்த குடும்பங்களின் வழித்தோன்றல்களுக்குச் சற்று நெருக்கமாகவே தோன்றும்.

மூன்று இனங்களும் வெறும் நிற வேறுபாடு கொண்டவை அல்ல. ஒவ்வொன்றின் தொழில் நடத்தும் முறையே வேறு. ஒரு கட்டடம் எழும் விதத்தைப் பாருங்கள். டெரன் தொழிலாளி கட்டடம் முடியும்வரை அங்கேயே நின்று வேலை செய்கிறார். அதுவரை அவரால் வேறு வருவாய் இல்லை. ஸெர்க் தொழிலாளி தானே கட்டடமாக மாறிவிடுகிறது. அந்த ஆள் திரும்பக் கிடைப்பதில்லை. புரோட்டாஸ் தொழிலாளியோ கட்டடத்துக்கு வித்திட்டுவிட்டு உடனே பழைய வேலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் அக்கட்டடங்கள் பெரும்பாலும் 'பைலான்' என்னும் ஆற்றல் தூணின் அருகில்தான் இயங்கும். தூண் உடைந்தால் கட்டடம் செயலற்றுவிடும்.

படையும் அவ்வாறே. டெரனின் அடிப்படைக் காலாள் 'மரீன்' 50 கனிமம். அதே 50 கனிமத்துக்கு ஸெர்க் இனம் இரண்டு 'ஸெர்க்லிங்' பெறும். புரோட்டாஸின் 'ஸீலட்' வீரன் ஒருவனுக்கே 100 கனிமம். மலிவான பலரா, விலையுயர்ந்த சிலரா என்பதில் மூன்று இனங்களும் மூன்று விடைகள் சொல்கின்றன. இம்மூன்றையும் ஒன்றுக்கொன்று நிகராக நிறுத்திக் காட்டியதே இவ்விளையாட்டின் பெருஞ்சாதனை.

புதியவர்கள் டெரனில் தொடங்குவது நலம். இரண்டாம் பாகத்தின் இலவசக் கதைப் பகுதி டெரன் தலைவன் ஜிம் ரேனரின் கதை. அது சில வீரர்களுடன் தொடங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புதிய கருவியை அறிமுகம் செய்கிறது. கடினத்தின் அளவையும் நாமே தேர்ந்துகொள்ளலாம்.

தாராவி இட்லி அடுப்பும் கனிமக் கணக்கும்

ஆட்டம் தொடங்கும்போது நம்மிடம் இருப்பவை ஒரு தலைமைக் கட்டடம், 12 தொழிலாளர்கள், 50 கனிமம். எதிராளிக்கும் அவ்வளவே. இதற்கு மேல் யாருக்கும் முன்பணம் இல்லை, பரம்பரைச் சொத்து இல்லை. எல்லாம் இதிலிருந்தே வளர வேண்டும்.

தொழிலாளி கனிமப் பாறைக்குச் சென்று, ஒரு நடைக்கு 5 கனிமம் வீதம் கொண்டுவந்து சேர்க்கிறார். புதிய தொழிலாளி ஒருவரை உருவாக்க 50 கனிமம் செலவாகும். 12 நொடிகள் ஆகும். அவர் தம் விலையை ஏறக்குறைய ஒரு நிமிட உழைப்பில் ஈட்டித் தந்துவிடுவார். அதன் பிறகு அவர் தருவதெல்லாம் ஆதாயம். ஆகவே தொடக்க நிமிடங்களில் தொழிலாளர் உற்பத்தியை ஒரு கணமும் நிறுத்தக்கூடாது என்பது முதல் பாடம்.

தாராவியில் விடியுமுன் இட்லி அவிக்கும் வீடுகளை அறிந்தவர்களுக்கு இக்கணக்கு புதிதன்று. முதலில் ஓர் அடுப்பு. அதன் வருவாயில் இரண்டாவது அடுப்பு. பிறகு தூக்குகளில் சுமந்து தெருத்தெருவாக விற்பதற்கு ஆட்கள். ஆட்கள் ஊரிலிருந்து வந்தால் அவர்கள் படுக்க ஓர் அறை வேண்டும்; அறை கிடைக்கும்வரை அடுத்த ஆளை வரச் சொல்ல முடியாது. தொழில் பெருகும்போது ஒரு பேட்டையில் அதற்குமேல் விற்க இயலாத நிலை வரும். அப்போது சயானுக்கோ குர்லாவுக்கோ செல்ல வேண்டும்.

விளையாட்டிலும் இம்மூன்று தடைகளும் அப்படியே இருக்கின்றன. படுக்க அறை என்பது இங்கே 'சப்ளை'. தலைமைக் கட்டடம் 15 பேருக்கு இடமளிக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் 100 கனிமத்தில் ஒரு 'சப்ளை டிப்போ' கட்ட வேண்டும். அது 8 இடம் தரும். கட்ட மறந்தால் கையில் எவ்வளவு கனிமம் இருந்தாலும் ஓர் ஆளைக்கூடச் சேர்க்க முடியாது. உச்சவரம்பு 200.

பேட்டை நிறைந்துவிடுவதற்கும் கணக்கு உண்டு. ஒரு தளத்தில் வழக்கமாக 8 கனிமப் பாறைகள் இருக்கும். ஒரு பாறைக்கு இருவர் வீதம் 16 தொழிலாளர்கள் சிறப்பாக உழைப்பார்கள். அதற்கு மேல் சேர்க்கப்படுவோர் ஒருவர்க்கொருவர் காத்து நிற்பார்கள். கூடுதல் ஆளால் வரும் கூடுதல் பயன் குறைந்துகொண்டே போகும். மேலும் பாறைகள் தீரக்கூடியவை. இரண்டாம் பாகத்தின் இன்றைய வடிவில் நான்கு பாறைகளில் 1800 வீதமும், நான்கில் 900 வீதமும், ஆக ஒரு தளத்தில் 10,800 கனிமமே இருக்கும். எனவே உரிய காலத்தில் 400 கனிமம் செலவிட்டு இரண்டாவது தளம் அமைப்பது தவிர்க்க இயலாதது.

கனிமத்துடன் 'வெஸ்பீன்' என்னும் வாயுவும் தேவை. உயர்ந்த கருவிகளுக்கெல்லாம் வாயு வேண்டும். ஒரு வாயுக் கிணற்றுக்கு மூன்று தொழிலாளர்கள் போதும்.

முதல் ஐந்து நிமிடங்கள்

டெரன் இனத்தில் தொடங்குவோர் பின்வரும் வரிசையைப் பின்பற்றிப் பார்க்கலாம். திரையின் மேல் வலப்புறத்தில் தெரியும் சப்ளை எண்ணே நமக்கு வழிகாட்டி.

ஆட்டம் தொடங்கிய உடனே தலைமைக் கட்டடத்தைத் தேர்ந்து 'எஸ்' விசையை அழுத்துங்கள். முதல் தொழிலாளி உருவாகத் தொடங்குவார். ஒருவர் முடிந்ததும் அடுத்தவர். எண்ணிக்கை 14 ஆகும்போது சப்ளை டிப்போ. 16 ஆகும்போது, படைவீரரை உருவாக்கும் 'பாரக்ஸ்' என்னும் பாசறை, விலை 150. தொடர்ந்து 75 கனிமத்தில் ஒரு வாயு ஆலை. எண்ணிக்கை 20-ஐ ஒட்டி இரண்டாவது தலைமைக் கட்டடம். பிறகு மேலும் இரண்டு பாசறைகள் கட்டி, மூன்றிலிருந்தும் இடைவிடாமல் மரீன்களை உருவாக்குங்கள். இடம் தீருமுன் அடுத்தடுத்து டிப்போக்களைக் கட்டிக்கொண்டே இருங்கள்.

புதியவர்கள் இங்கே செய்யும் ஒரு பிழையை நாங்களும் செய்தோம். மறந்துவிடுவோமோ என்ற அச்சத்தில், ஒரு பாசறையில் ஐந்து மரீன்களுக்கு ஒரே சமயத்தில் ஆணையிட்டுவிடுவது. ஐவருக்கும் உரிய 250 கனிமம் அக்கணமே கழிக்கப்பட்டுவிடும். ஆனால் உருவாகிக்கொண்டிருப்பவர் ஒருவர்தாம். மற்ற நால்வரின் தொகை வரிசையில் முடங்கிக் கிடக்கும். மாட்டுங்காவில் ஞாயிறு காலைச் சிற்றுண்டிக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரே தோசைக்கல் உள்ள அடுக்களையில் ஐந்து தோசைக்கு முன்பணம் வாங்கி வைத்தால் தோசை விரைவில் வந்துவிடாது. இன்னொரு கல் வேண்டும். இங்கும் தீர்வு அதுவே. வரிசையை நீட்டாமல், அந்தத் தொகையில் இன்னொரு பாசறை கட்டுங்கள்.

சில விசைகளைப் பழகிக்கொண்டால் பாதி வேலை எளிதாகும். படையைத் தேர்ந்து 'கண்ட்ரோல்' விசையுடன் ஓர் எண்ணை அழுத்தினால், அதன்பின் அந்த எண்ணை மட்டும் அழுத்தியே அப்படையை அழைக்கலாம். 'எஃப் 1' விசை, வேலையின்றி நிற்கும் தொழிலாளியைத் தேடித் தரும். படைக்கு வெறுமனே வழிகாட்டினால் அது அடிபட்டுக்கொண்டே நடந்துபோகும். 'ஏ' விசையை அழுத்திவிட்டு இடத்தைச் சுட்டினால், வழியில் எதிரியைக் கண்டதும் நின்று போரிடும். இந்த ஒரு விசையை அறியாமல் நாங்கள் இழந்த படைகள் பல.

வலி, காலம், இடம்

வரைபடத்தில் நம் ஆட்கள் இல்லாத பகுதி இருள் சூழ்ந்திருக்கும். எதிராளி அங்கே என்ன செய்கிறார் என்பதை, ஓர் ஆளை அனுப்பிப் பார்த்தால்தான் அறிய முடியும். அவர் இரண்டாவது தளம் அமைத்திருந்தால், இப்போதைக்குத் தாக்கமாட்டார், பின்னர் வலுவடைவார் எனக் கொள்ளலாம். தளம் இல்லை, பாசறைகளே மிகுதி என்றால், விரைவில் தாக்க வருகிறார் என்பது பொருள். ஒற்றனாக ஒரே ஒரு தொழிலாளியை அனுப்புவதால் நேரும் சிறு நட்டம், முழு ஆட்டத்தையும் காக்கும்.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகியவை 48, 49, 50 என அடுத்தடுத்த அதிகாரங்களாக அமைந்திருக்கின்றன. ஒற்றாடலுக்கு 59-ஆம் அதிகாரம் தனியே உண்டு. இவ்விளையாட்டில் தேர்ந்தவர்களின் ஆட்டத்தைக் கவனித்தால், இந்நான்கும் ஒன்றோடொன்று எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பது கண்முன் தெரியும்.

எந்தப் படையும் எல்லாவற்றையும் வெல்லாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். மரீன்கள் கூட்டமாக நின்றால், ஸெர்க்கின் 'பேன்லிங்' உருண்டோடி வந்து வெடித்து அனைவரையும் அழித்துவிடும். பரவி நின்றால் தப்பிக்கலாம். முற்றுகை நிலையில் ஊன்றப்பட்ட டெரன் டாங்கி நெடுந்தொலைவு தாக்கும். ஆனால் மிக நெருங்கியவரையும் வானில் பறப்பவற்றையும் அதனால் தாக்க முடியாது. ஆகவே, எதிராளி எதை உருவாக்குகிறார் என அறிந்து, அதற்கு எதிரானதை உரிய காலத்தில் உருவாக்குவதே வியூகம்.

தோல்வியைப் படிக்கும் வழக்கம்

ஆட்டம் முடிந்ததும் இரண்டாம் பாகம் ஒரு கணக்கு அறிக்கையைத் தருகிறது. எத்தனை தொழிலாளர்களை உருவாக்கினோம், எவ்வளவு வேகத்தில் வளம் திரட்டினோம், சராசரியாக எவ்வளவு வளம் செலவழிக்கப்படாமல் கையில் கிடந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். முழு ஆட்டத்தையும் எதிராளியின் பக்கத்திலிருந்தும் மீண்டும் ஓட்டிப் பார்க்கும் வசதியும் உண்டு. எங்கள் முதல் தோல்விகளைப் பார்த்தபோது, போர்க்களத்தில் நாங்கள் தோற்றதாக நினைத்த ஆட்டங்கள் உண்மையில் மூன்றாம் நிமிடத்திலேயே, டிப்போ கட்ட மறந்த கணத்திலேயே, தோற்றுப்போயிருந்தன.

முதலில் கணினியையே எதிராளியாகக் கொண்டு, மிக எளிய நிலையில் தொடங்கலாம். அதில் தொடர்ந்து வென்ற பிறகு, பிற மனிதருடன் மோதும் தரவரிசை ஆட்டத்துக்குச் செல்லலாம். வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம், மாஸ்டர், கிராண்ட்மாஸ்டர் என ஏழு படிகள் உண்டு; ஏறக்குறைய நமக்கு நிகரானவரே எதிராளியாக அமைவார். தோற்பவர் 'ஜிஜி', அதாவது 'நல்ல ஆட்டம்', என எழுதிவிட்டு விலகுவது இவ்வுலகின் மரபு. பதின்பருவப் பிள்ளை ஒருவன் தோல்வியை மரியாதையுடன் ஒப்புக்கொள்ளப் பழகுவது சிறிய செய்தி அன்று.

கொரியா முதல் ஜகார்த்தா வரை

இவ்விளையாட்டின் தாயகம் அமெரிக்காவானாலும், அதைக் கொண்டாடிய நாடு தென்கொரியா. 1997-இன் நிதி நெருக்கடிக்குப் பிறகு அங்கே 'பிசி பாங்' எனப்படும் கணினி விளையாட்டு நிலையங்கள் பெருகின. விரைவு இணையமும் பரவியது. அங்கெல்லாம் ஸ்டார்கிராஃப்ட் ஆடப்பட்டது. தொலைக்காட்சி அலைவரிசைகள் ஆட்டங்களை நேரலையாக ஒளிபரப்பின. 2004-இல் பூசான் நகரின் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டிக்கு ஒரு லட்சம் பேர் திரண்டதாகக் கூறப்படுகிறது.

அதே கொரியா ஒரு கசப்பான பாடத்தையும் தந்தது. 2010-இல், சட்டவிரோதப் பந்தயக்காரர்களிடம் பணம் பெற்றுச் சில முன்னணி வீரர்கள் வேண்டுமென்றே தோற்றது வெளிப்பட்டது. புகழின் உச்சியில் இருந்தவர்களும் வாழ்நாள் தடைக்கு உள்ளானார்கள். விளையாட்டில் பந்தயப் பணம் நுழைந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டா.

2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டு, காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. ஸ்டார்கிராஃப்ட் 2-இல் கொரியாவின் சோ சியோங்-ஜு தங்கம் வென்றார். அதே போட்டியில் 'ஹார்த்ஸ்டோன்' என்னும் சீட்டு விளையாட்டில் இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் பெற்றார் என்பது நமக்குப் பெருமை.

அறிவியலாளர்களும் இவ்விளையாட்டை விட்டுவைக்கவில்லை. டீப்மைண்ட் நிறுவனம் உருவாக்கிய 'ஆல்ஃபாஸ்டார்' என்னும் செயற்கை நுண்ணறிவு, தொழில்முறை வீரர்கள் இருவரைத் தலா 5-0 என வென்றதை 2019 ஜனவரியில் அறிவித்தார்கள். அன்று நேரலையில் நடந்த ஆட்டத்தில் மட்டும் மனிதர் வென்றார். அதே ஆண்டு அக்டோபரில், தரவரிசையில் உள்ள ஆட்டக்காரர்களில் 99.8 விழுக்காட்டினரைவிட அது மேம்பட்ட நிலையை எட்டியதாக 'நேச்சர்' ஆய்விதழில் கட்டுரை வெளிவந்தது. ஜனவரி ஆட்டங்களில் அது வழக்கத்தைவிட மிகுதியான தொழிலாளர்களை உருவாக்கியது பலரின் கவனத்தை ஈர்த்தது. படைக்கு முன் உழைப்பில் முதலீடு செய்யும் அந்தப் போக்கு எங்களுக்கு இனிமையாகவே இருந்தது.

பணமும் பாதுகாப்பும்

இனி வங்கி சொல்ல வேண்டியவை. ஸ்டார்கிராஃப்ட் 2-இல் விலைக்குக் கிடைப்பவை பிற்காலக் கதைப் பகுதிகள், கூட்டாட்டத் தலைவர்கள், அலங்காரத் தோற்றங்கள் போன்றவை. நேருக்கு நேர் மோதும் ஆட்டத்தில் எதிராளியைவிட வலிமை பெறுவதற்குப் பணம் கொடுக்க வழியில்லை. செம்பூர்ச் சிறுவன் சொன்னது அந்த அளவில் உண்மையே.

பணத்தைக் கட்டிப் பணத்தை வெல்லலாம் என ஆசை காட்டும் விளையாட்டுகள் வேறு இனம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டு மேம்பாட்டு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், மின்விளையாட்டையும் பணப் பந்தய விளையாட்டையும் பிரித்துக் காண்கிறது. முன்னதை ஊக்குவிக்கிறது, பின்னதைத் தடை செய்கிறது. அத்தகைய விளையாட்டுகளுக்கான பணப் பரிவர்த்தனையை வங்கிகள் நடத்தித் தருவதையும் அச்சட்டம் தடுக்கிறது.

பெற்றோர் செய்யத்தக்கவை எளியவை. விளையாட்டுக் கணக்கில் அட்டை விவரத்தைச் சேர்க்காதீர்கள். இலவசப் பகுதிக்கு அது தேவையில்லை. அட்டையில் இணையவழிப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் வேண்டும்போது மட்டும் திறந்து, மற்ற நேரத்தில் மூடிவைக்கும் வசதி ரிசர்வ் வங்கியின் விதிப்படி உங்களுக்கு உண்டு. உங்கள் கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணைப் பிள்ளை பார்த்து உள்ளிட்டால், அது மோசடியாகக் கருதப்படாமல் நீங்களே செய்த செலவாகக் கொள்ளப்படலாம். ஆகவே ரகசிய எண்ணை வீட்டுக்குள்ளும் ரகசியமாகவே வைத்திருங்கள். விளையாட்டுக் கணக்கின் பெற்றோர் கட்டுப்பாட்டில் ஆடும் நேரத்துக்கும் செலவுக்கும் வரம்பிடலாம். முன்பின் அறியாதவர் உரையாடலில் இலவசப் பரிசு தருவதாகக் கூறிக் கடவுச்சொல் கேட்டால் தரக்கூடாது எனப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். பணம் பறிபோனால் உடனே வங்கிக்கும் 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

வயதைப் பொறுத்தவரை, போரும் அழிவும் கொண்ட இவ்விளையாட்டு அமெரிக்கத் தரநிர்ணயத்தில் 13 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியது. அதைவிடச் சிறியவர்களுக்கு வேண்டா.

செம்பூர் வீட்டில்

இவற்றையெல்லாம் செம்பூர் வாடிக்கையாளரிடம் சொன்னோம். கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தோம்: அனுமதி தருமுன் ஒருமுறை நீங்களும் அமர்ந்து ஆடிப் பாருங்கள்.

சில வாரங்களுக்குப் பிறகு, பாஸ்புக்கில் பதிவு செய்ய வந்தவர் தாமாகவே பேச்சைத் தொடங்கினார். மகனோடு எதிரெதிரே ஆடினாராம். ஏழு நிமிடங்களில் தோற்றுவிட்டாராம். கணக்கு அறிக்கையைத் திறந்து மகன் காட்டினானாம். செலவழிக்கப்படாத வளம் என்னும் வரியில் தந்தையின் எண் மகனுடையதைப் போலப் பல மடங்கு.

"அப்பா, நீங்க பயந்துகிட்டுக் கனிமத்தை அப்படியே சேர்த்து வச்சிருந்தீங்க. நான் எல்லாத்தையும் தொழிலாளியாவும் பாசறையாவும் மாத்திட்டேன்" என்றானாம்.

"எதிர்பாராத செலவு வந்தா என்னடா பண்ணுவே?" என்று இவர் கேட்டாராம்.

அவன் சற்று யோசித்துவிட்டு, "கேம்ல வராதுப்பா. வீட்டுல வரும். போன வருஷம் என்னாலதான் வந்துச்சு" என்றானாம்.

ஓராண்டாக அந்த வீட்டில் பேசப்படாமல் இருந்த ஒன்று அன்று பேசப்பட்டுவிட்டது. தாம் மறுமொழி ஏதும் சொல்லவில்லை என்றும், இன்னோர் ஆட்டம் போடலாமா என்று மட்டும் கேட்டதாகவும் அவர் எங்களிடம் கூறினார்.

மகன் சொன்னது ஆழ்ந்த உண்மை. விளையாட்டில் கையிருப்பு என்பது வீண்; குடும்பத்தில் அவசரத் தேவைக்கான கையிருப்பு இன்றியமையாதது. அதற்கு மேற்பட்டதை உழைக்க விடுவதே முறை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தானாகவே கண்டுகொண்ட பிள்ளைக்கு நாங்கள் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அன்று அவர் மகன் பெயரில் ஒரு சிறுவர் சேமிப்புக் கணக்குக்கான படிவத்தை வாங்கிச் சென்றார். ஆட்டத்தில் இப்போதும் அவரே தோற்கிறாராம். ஆனால் ஏழு நிமிடங்களில் தோற்றவர், பதினைந்து நிமிடங்கள் தாக்குப்பிடிக்கிறாராம்.